சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச்: டேனரி ஊர்களில் ஃபோர்க்லிஃப்ட்டின் மின்சாரமும் பாதுகாப்பும்

ஓட்டுநர் சீட்டை விட்டு எழுந்துவிட்டால் ஃபோர்க்லிஃப்ட் நகரக் கூடாது, சரக்கைத் தூக்கும் முன்பக்கத் தூணான மாஸ்ட்டும் அசையக் கூடாது. இதைக் கவனித்துக்கொள்வது சீட்டின் மெத்தைக்கு அடியில் இருக்கும் ஒரு சின்ன சுவிட்ச். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பழைய வட ஆற்காட்டின் தோல் ஊர்களில் தோல் பதனிடும் டேனரியிலும் ஷூ கம்பெனியிலும் குடோனிலும் ஃபோர்க்லிஃப்ட் அன்றாடம் ஓடும் வண்டி. அந்தச் சுவிட்சின் இரண்டு வயரையும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றிவிட்ட வண்டியைப் பார்க்காத மெக்கானிக் அநேகமாக இருக்க மாட்டார். 'பைபாஸ் பண்ணியாச்சு' என்பார்கள். இதை ஓட்டுநரின் அலட்சியம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது சுலபம். ஆனால் பெரும்பாலான பைபாஸ், பழுதான ஒரு சுவிட்சில் இருந்துதான் தொடங்குகிறது. அந்தப் பழுது ஏன் வருகிறது, குறிப்பாக நம் பக்கத்தில் ஏன் சீக்கிரம் வருகிறது என்று புரிந்துகொண்டால் ஃபோர்க்லிஃப்ட்டின் மொத்த மின்சார அமைப்பும் புரிந்துவிடும்.

முதலில், அந்தச் சுவிட்ச் எதற்காக இருக்கிறது? பேலட்டில் அடுக்கிய சரக்கு கொஞ்சம் சரிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுநர் கீழே இறங்கிச் சுற்றிப் போகாமல், டாஷ்போர்டு மேலேயே எக்கி, மாஸ்ட்டுக்கும் தலைக்கு மேலிருக்கும் கூண்டின் முன் தூணுக்கும் நடுவில் உடம்பை நுழைத்துச் சரக்கைத் தள்ளப் பார்க்கிறார். வண்டி ஆனில் இருக்கிறது. இடுப்போ முழங்காலோ டில்ட் லீவரில் பட்டதும் மாஸ்ட் பின்பக்கம் சாய்கிறது. டன் கணக்கில் சரக்கைச் சாய்த்து நிறுத்தும் ஹைட்ராலிக் சிலிண்டர்கள் நடுவில் ஆள் மாட்டியிருப்பதை உணராது. உலகம் முழுவதும் ஓட்டுநர்கள் இப்படி நசுங்கிச் செத்திருக்கிறார்கள். அதனால்தான் சீட் சுவிட்ச் வண்டியின் ஓட்டத்தை மட்டுமல்லாமல் லிஃப்ட், டில்ட் இரண்டையும் சேர்த்து நிறுத்தும்படி வைத்திருக்கிறார்கள். ஆள் உட்கார்ந்திருந்தால் சர்க்யூட் மூடும், எழுந்தால் திறக்கும். குண்டு குழியில் உடம்பு ஒரு கணம் தூக்கிப் போட்டதற்கெல்லாம் வண்டி நின்றுவிடாமல் இருக்க, ஓரிரு விநாடி தாமதமும் வைத்திருப்பார்கள்.

இந்த அமைப்பில் இன்னொரு யோசனையும் இருக்கிறது. வயர் அறுந்தால், கனெக்டர் கழன்றால், சுவிட்ச் செத்துப்போனால் சர்க்யூட் திறந்துகொள்ளும், வண்டி நிற்கும். அதாவது பழுது எந்த இடத்தில் வந்தாலும் விளைவு பாதுகாப்பான பக்கம் விழ வேண்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். புதிய வண்டிகளின் மின் பார்க்கிங் பிரேக்கும் அப்படித்தான். ஸ்பிரிங் எப்போதும் பிரேக்கை அழுத்திக்கொண்டே இருக்கும், கரண்ட் கொடுத்தால்தான் விடுபடும். கரண்ட் போனால் பிரேக் பிடித்துக்கொள்ளும்.

தோல் தொழிலுக்கும் இந்தச் சர்க்யூட்டுக்கும் ஒத்துவராத இடம் இங்கேதான் வருகிறது. டேனரிக்கு வரும் பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்புத் தடவித்தான் வரும். அந்த உப்பைத் தட்டி உதிர்க்கும் இடத்தில் உப்புத்தூள் காற்றிலும் தரையிலும் எப்போதும் இருக்கும். ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் அந்தத் தூள் வயர் கனெக்டருக்குள் புகுந்து பித்தளையையும் தாமிரத்தையும் பச்சை பிடிக்க வைக்கிறது. அடுத்தது சுண்ணாம்பு வேலை. முடி நீக்க சோடியம் சல்ஃபைடு போடுகிறார்கள். அந்தத் திரவத்தில் அமிலம் கலந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கிளம்பும், அளவு கூடினால் ஆளையே கொல்லும். கொஞ்சமாக இருந்தாலும் தாமிரத்தின் மேலும் வெள்ளியின் மேலும் கறுப்பாக ஒரு படலம் படியும். பெரிய கரண்ட்டைச் சேர்த்துத் துண்டிக்கும் காண்டாக்டர் என்ற பெரிய சுவிட்சில் ஒவ்வொரு முறையும் வரும் பொறி இந்தப் படலத்தைச் சுட்டு நீக்கிவிடும். சீட் சுவிட்சில் ஓடுவது மிகச் சிறிய சிக்னல் கரண்ட். அதற்கு அந்தப் படலத்தை உடைக்கும் வலு கிடையாது. அதனால் பெரிய காண்டாக்டர் நன்றாக இருக்கும்போதே சின்ன சுவிட்ச் விட்டு விட்டு வேலை செய்ய ஆரம்பிக்கிறது.

அப்போதுதான் அந்தப் பேச்சு வரும். "அண்ணே, வண்டி நடு நடுவுல நின்னுடுது. கண்டெய்னர் வாசல்ல நிக்குது, ஏதாவது பண்ணி விடுங்க." சுவிட்ச் ஸ்டாக்கில் இல்லை, ஆர்டர் போட்டால் வர நாளாகும். சாயங்காலத்துக்குள் லோடு சென்னைத் துறைமுகத்துக்குக் கிளம்பியாக வேண்டும். மெக்கானிக் சீட்டைத் தூக்கி இரண்டு வயரைச் சேர்த்து முறுக்குகிறார், வண்டி ஓடுகிறது. நாளைக்கு மாற்றிவிடலாம் என்றுதான் அவரும் நினைக்கிறார். ஆனால் வண்டி நன்றாக ஓடும்போது அதை யார் நிறுத்துவார்கள்? எனக்கு மெக்கானிக் மேல் கோபம் வரவில்லை. கறுத்துப்போகும் என்று முன்கூட்டியே தெரிந்த ஒரு பொருளை ஸ்டோரில் வாங்கி வைக்காத நிர்வாகத்தின் மேல்தான் வருகிறது.

முறுக்கிய வயரால் போவது ஒரு பாதுகாப்பு மட்டும் அல்ல. வண்டியை ஆன் செய்யும்போது, மோட்டாரை ஆளும் மின்னணுப் பெட்டியான கண்ட்ரோலர் சில விஷயங்களை வரிசையாகச் சரிபார்க்கும். ஆள் உட்கார்ந்திருக்கிறாரா, டைரக்ஷன் லீவர் நியூட்ரலில் இருக்கிறதா, ஆக்சிலரேட்டரில் கால் இல்லாமல் இருக்கிறதா என்று பார்க்கும். இந்த வரிசை தவறினால், உதாரணமாக முதலில் ஃபார்வர்டு போட்டுவிட்டு அப்புறம் சாவியைத் திருப்பினால், வண்டி நகராது. எழுந்து போய்த் திரும்பி வந்து உட்கார்ந்தாலும் மறுபடி நியூட்ரலுக்கு வந்துதான் கிளம்ப முடியும். ஆக்சிலரேட்டரில் கால் பட்டபடி ஒருவர் ஏறி உட்கார, வண்டி பாய்ந்து முன்னால் நிற்பவரை நசுக்கிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. சீட் சுவிட்சை நிரந்தரமாக மூடிவிட்டால், ஆள் இறங்கியதும் ஏறியதும் கண்ட்ரோலருக்குத் தெரியவே தெரியாது.

சாவியைத் திருப்பியதும் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அதுதான் மெயின் காண்டாக்டர். பேட்டரிக்கும் கண்ட்ரோலருக்கும் நடுவில் இருக்கும் பெரிய கதவு அது. கண்ட்ரோலருக்குள் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பெரிய கபாசிட்டர்கள் இருக்கின்றன. காலியான கபாசிட்டரைப் பேட்டரியோடு நேராகச் சேர்த்தால் ஒரு கணத்தில் பெருங்கரண்ட் பாய்ந்து காண்டாக்டரின் முனைகள் ஒட்டிக்கொள்ளும். அதைத் தவிர்க்க, ஒரு ரெசிஸ்டர் வழியாக முதலில் மெதுவாக நிரப்பிவிட்டு, பிறகே காண்டாக்டர் மூடும். நவீன கண்ட்ரோலர்கள் ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும் காண்டாக்டர் ஒட்டிப்போயிருக்கிறதா, தன் டிரான்சிஸ்டர்கள் ஷார்ட் ஆகியிருக்கின்றனவா என்றும் சோதித்துக்கொள்ளும். சந்தேகம் இருந்தால் டிஸ்ப்ளேயில் பழுதைக் குறிக்கும் எண்ணைக் காட்டிவிட்டு நின்றுவிடும். அந்த எண்ணை அழித்துவிட்டு ஓட்டப் பார்ப்பதும் ஒருவகை பைபாஸ்தான். மெக்கானிக்குகளுக்கு இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். பேட்டரி பிளக்கைக் கழற்றிய பிறகும் கபாசிட்டரில் சார்ஜ் நிற்கும். உற்பத்தியாளர் சொன்ன முறையில் அதை இறக்கிவிட்டு, மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

பழைய டி.சி. மோட்டார் வண்டிகளில் கார்பன் பிரஷ் தேயும், தூள் படியும், பொறி வரும். இப்போது வரும் வண்டிகள் பெரும்பாலும் ஏ.சி. மோட்டார்தான். பேட்டரியின் டி.சி.யைக் கண்ட்ரோலர் மூன்று பேஸ் ஏ.சி.யாக மாற்றிக் கொடுக்கிறது. பிரஷ் கிடையாது. ஆக்சிலரேட்டரை விட்டதும் மோட்டார் ஜெனரேட்டராக மாறி வண்டியை மெதுவாக்கும், கொஞ்சம் கரண்ட்டும் பேட்டரிக்குத் திரும்பும். மாஸ்ட் உயரத்தில் இருந்தாலோ ஸ்டியரிங் அதிகம் ஒடித்திருந்தாலோ தானாக வேகம் குறையும் வசதி பல வண்டிகளில் வருகிறது. மோட்டாரைக் கண்ட்ரோலர் துல்லியமாக ஆள்வதால்தான் இதெல்லாம் முடிகிறது.

இனி பேட்டரி. ஃபோர்க்லிஃப்ட்டில் பேட்டரி வெறும் கரண்ட் பெட்டி அல்ல. கிணற்று ஏற்றத்தின் ஒரு முனையில் கட்டிய கல்லைப் போல, முன்னால் தூக்கும் பாரத்துக்குப் பின்னால் எதிர்ப் பாரமாகவும் அது உட்கார்ந்திருக்கிறது. முன் சக்கரம்தான் நடுத்தாங்கல். 48 வோல்ட், 600 ஆம்பியர்-அவர் லெட்-ஆசிட் பேட்டரி ஏறக்குறைய ஒரு டன் எடை இருக்கும். வண்டியின் பெயர்த்தகட்டில் பேட்டரியின் குறைந்தபட்ச எடை போட்டிருப்பது இதற்காகத்தான். எடை குறைந்த பேட்டரியைப் போட்டால் அதே லோடைத் தூக்கும்போது பின் சக்கரம் தரையை விடும். லித்தியத்துக்கு மாறுகிறவர்கள் இதை மறக்கவே கூடாது. அந்தப் பேட்டரி எடை குறைவு, அதனால் இரும்புப் பாரம் சேர்த்துத்தான் பொருத்த வேண்டும்.

லெட்-ஆசிட்டில் ஒரு செல் 2 வோல்ட். 24 செல் சேர்ந்தால் 48 வோல்ட், 40 செல் சேர்ந்தால் 80 வோல்ட். மேலே சொன்ன 600 ஆம்பியர்-அவர் பேட்டரியில் அடங்கியிருப்பது 28.8 யூனிட் கரண்ட். 48 வோல்ட் பொதுவாக ஷாக் அடிக்காது என்பதால் பயம் போய்விடுகிறது. ஆனால் ஒரு ஸ்பேனர் இரண்டு முனைகளின் மேல் விழுந்தால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து இரும்பே உருகும். கையில் மோதிரமோ வாட்சோ இருந்தால் விரல் போகும். இன்சுலேஷன் போட்ட டூல்கள்தான் பயன்படுத்த வேண்டும், பேட்டரி மேல் எதையும் வைக்கக் கூடாது.

சார்ஜ் முடியப்போகும் நேரத்தில், ஒரு செல்லின் வோல்டேஜ் 2.4-ஐ நெருங்கும்போது, தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வெளியேறும். காற்றில் ஹைட்ரஜன் 4 சதவீதம் ஆனாலே ஒரு பொறி போதும், வெடிக்கும். ஹைட்ரஜன் காற்றைவிட மிக லேசானது, நேராக மேலே போய்க் கூரையின் உச்சியில் தேங்கும். ஷீட் கூரை போட்ட ஷெட்டின் மூலையில் சார்ஜரை வைத்து, சுவரில் தரைமட்டத்துக்கு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினால் போதாது. காற்று வெளியேறும் வழி கூரை உச்சியில் இருக்க வேண்டும். சார்ஜ் ஆகும்போது வண்டியில் பேட்டரி இருக்கும் பெட்டியின் மேல்மூடி திறந்திருக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்குவதற்கு முன்னால் சார்ஜரை ஆஃப் செய்ய வேண்டும், கரண்ட் ஓடும்போது பிடுங்கினால் வரும் பொறி நேராக அந்த வாயுவுக்கு நடுவில் விழும். பிளக்குகளை வோல்டேஜுக்கு ஒரு நிறமாகச் செய்வதுண்டு. பரவலாகக் கிடைக்கும் வகையில் 24-க்குச் சிவப்பு, 36-க்குச் சாம்பல், 48-க்கு நீலம். நிறம் மாறினால் உள்ளே நுழையாதபடி வார்ப்பும் வேறு. அந்த வார்ப்பைச் செதுக்கி நுழைய வைத்த பிளக்கைக் கண்டால் உடனே அதைக் கழற்றிப் போட வேண்டும்.

வேலூர்ப் பக்கத்து வெயில் பேட்டரிக்குப் பெரிய எதிரி. அக்னி நட்சத்திரத்தில் வெளியே 40 டிகிரியைத் தாண்டும்போது ஷீட் ஷெட்டுக்குள் எவ்வளவு இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வெப்பம் 10 டிகிரி கூடினால் லெட்-ஆசிட்டின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பழகிய கணக்கு. 8 மணி நேரம் ஓட்டம், 8 மணி நேரம் சார்ஜ், 8 மணி நேரம் ஆற விடுதல் என்ற பழைய வழக்கத்தில் கடைசி எட்டு மணி நேரத்தைத்தான் எல்லாரும் முதலில் விழுங்குகிறார்கள். ஆசிட் 45 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால் சார்ஜ் போடாமல் ஆற விட வேண்டும். டீ நேரத்தில் கொஞ்சம், சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம் என்று சார்ஜ் போடுவது லித்தியத்துக்கு ஒத்துவரும், சாதாரண லெட்-ஆசிட்டைக் கெடுக்கும். 80 சதவீதம் காலியானதும் வண்டி லிஃப்ட்டை நிறுத்திவிடுவது தொந்தரவு செய்ய அல்ல. வோல்டேஜ் இறங்க இறங்க அதே வேலைக்கு அதிகக் கரண்ட் இழுக்கும், காண்டாக்டரும் கேபிளும் சூடாகும்.

தண்ணீர் விஷயம் இன்னும் முக்கியம். பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான் விட வேண்டும், அதுவும் சார்ஜ் முடிந்த பிறகு. அதற்கு முன்னால் நிரப்பினால் சார்ஜில் ஆசிட் பொங்கி வழியும். பாலாற்றங்கரையில் டேனரிகளை ஒட்டிய பகுதிகளின் நிலத்தடி நீரில் உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது ஊரறிந்த விஷயம். 1996-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது இந்த மாசைப் பற்றித்தான். போர்வெல் தண்ணீரில் இருக்கும் குளோரைடு பாசிட்டிவ் தகட்டை அரிக்கும், இரும்பு இருந்தால் பேட்டரி சும்மா நிற்கும்போதே காலியாகும். 'கேன் வாட்டர் சுத்தம்தானே' என்று குடிக்கிற தண்ணீரை ஊற்றுகிறவர்கள் உண்டு. ஆர்.ஓ. செய்த குடிநீரிலும் உப்பு மிச்சம் இருக்கும், அது நாக்குக்குச் சரி, செல்லுக்குச் சரியல்ல.

வழிந்த ஆசிட் இன்னொரு ஆபத்துக்கு வழி செய்கிறது. எலக்ட்ரிக் ஃபோர்க்லிஃப்ட்டில் காரைப் போல நெகட்டிவை பாடியோடு சேர்ப்பதில்லை. இரண்டு முனையும் பாடியைத் தொடாமல் தனியாக நிற்கும். ஓரிடத்தில் வயர் உரசி பாடியைத் தொட்டால் ஒன்றும் ஆகாது, கரண்ட் திரும்பி வர வழி இல்லை. இரண்டாவது இடத்திலும் தொட்டால்தான் பாடி வழியாகச் சுற்று முடிகிறது. அது எங்கே தொட்டது என்பதைப் பொறுத்து ஃபியூஸ் போகலாம், தீப்பிடிக்கலாம், லீவரைத் தொடாமலே பம்ப் ஓடலாம். பேட்டரி மேல் ஆசிட்டும் உப்புத்தூளும் சேர்ந்து படிந்த ஈரப்படலமே முதல் பழுதாக நின்றுகொண்டிருக்கும், யாருக்கும் தெரியாது. பேட்டரியின் மேல்பக்கத்தைத் துடைத்துக் காய வைப்பதும், முனைக்கும் பாடிக்கும் நடுவில் இன்சுலேஷன் அளந்து எழுதி வைப்பதும் இதனால்தான். எலி கடித்த வயரையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சார்ஜரின் பக்கம் 415 வோல்ட் மூன்று பேஸ். அங்கே எர்த்திங்தான் உயிர். நம் பக்கத்து மண் பல இடங்களில் அடியிலேயே பாறை. கோடையில் எர்த் குழி காய்ந்துவிட்டால் ரெசிஸ்டன்ஸ் ஏறும். குழிக்குத் தண்ணீர் விடுவதோடு நிற்காமல், எர்த்திங்குக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 3043 சொல்லும் முறையில், மழைக்குப் பிறகல்ல, ஏப்ரல் மே மாதத்தில் அளந்து பார்ப்பதுதான் உண்மையான அளவைக் காட்டும்.

சிவப்பு எமர்ஜென்சி பட்டன் மெயின் பவரைத் துண்டிக்கும். அதை அன்றாட ஆஃப் சுவிட்சாகப் பயன்படுத்தினால் கரண்ட் ஓடும்போதே திறந்து திறந்து முனைகள் கரிந்துபோகும், தேவைப்படும் நாளில் திறக்காமல் போகலாம். டீசல் வண்டியில் இந்த அமைப்பு 12 வோல்ட் அளவில் சுருங்கிவிடுகிறது. நியூட்ரலில் மட்டும் ஸ்டார்ட் ஆக விடும் சுவிட்ச், டீசலை நிறுத்தும் சோலினாய்டு, அதே சீட் சுவிட்ச். தோலுக்கு லேக்கர் அடிக்கும் ஃபினிஷிங் பிரிவிலும் ஷூ கம்பெனியின் பசை, தின்னர் வைக்கும் அறையிலும் கதை வேறு. அங்கே ஆவி தீப்பிடிக்கும், சாதாரண வண்டி எதுவும், ஏ.சி. மோட்டார் வண்டி உட்பட, நுழையக் கூடாது. காண்டாக்டரும் ஹாரனும் சுவிட்சும் பொறி விடும். அந்த மாதிரி இடங்களுக்கு என்றே வெடிபொருள் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான பெசோவின் ஒப்புதல் பெற்ற, உள்ளே வரும் பொறி வெளி ஆவியைப் பற்றவைக்காத சாதனங்கள் இருக்கின்றன. இல்லையென்றால் கை டிராலிதான்.

வண்டி வருவதைத் தரையில் காட்டும் நீல ஸ்பாட் லைட்டும் ரிவர்ஸ் பஸ்ஸரும் நல்லவை. ஆனால் தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம் ஓடும் சத்தத்தில் பஸ்ஸர் காதில் விழாது, நம் ஊர் மதிய வெயிலில் திறந்த யார்டில் தரையில் விழும் நீல வெளிச்சம் கண்ணுக்கே தெரியாது. நடக்கிறவர்களுக்குத் தனிப் பாதை போடாமல் லைட்டை மட்டும் நம்புவதை நான் ஏற்க மாட்டேன்.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 29-வது பிரிவு, பாரம் தூக்கும் இயந்திரங்களை 12 மாதத்துக்கு ஒரு முறையாவது தகுதி பெற்றவர் முழுமையாகச் சோதிக்க வேண்டும் என்று வைத்தது. ஃபோர்க்லிஃப்ட்டுக்கும் அந்த வழக்கத்தில் சோதித்துச் சான்று வாங்கி வைக்கிறார்கள். அந்தச் சோதனையில் செயினும் ஃபோர்க்கும் கவனம் பெறும் அளவுக்கு இந்தச் சின்ன சுவிட்சுகளும் பெற வேண்டும். ஒவ்வொரு ஷிஃப்ட் தொடக்கத்திலும் சீட் சுவிட்சைப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆள் இல்லாத சமதளத்தில், லோடு இல்லாமல், ஃபோர்க்கைத் தரையோடு இறக்கி, பார்க்கிங் பிரேக் போட்டுவிட்டு, பிடியைப் பிடித்தபடி சீட்டிலிருந்து லேசாக எழ வேண்டும். ஓரிரு விநாடியில் லிஃப்ட் லீவர் செத்துவிட வேண்டும். திரும்ப உட்கார்ந்ததும், லீவரை விட்டு நியூட்ரலுக்கு வரும்வரை எதுவும் அசையக் கூடாது. அசைந்தால் சீட்டைத் தூக்கிப் பார்க்க வேண்டும். உப்பும் சல்ஃபைடும் படும் வண்டிகளுக்கு, தண்ணீர் புகாதபடி சீல் செய்த, முனையில் தங்கமுலாம் பூசிய சுவிட்ச் கிடைக்கும். வண்டிக்கு ஒன்று ஸ்டோரில் இருக்கட்டும். பழுதாகும் வரை காத்திருக்காமல் ஆண்டுச் சோதனையோடு சேர்த்து மாற்றிவிட்டு, கனெக்டரையும் சுத்தம் செய்து, மாற்றிய தேதியை வண்டியின் பதிவேட்டில் எழுதி வைக்கலாம்.